நான்காம் பிரஸ்ஸின் அரை நொடி

ஆகஸ்ட் 19, திங்கள்

மே மாதம் கம்பெனி ஆண்டு விழாவில் கொடுத்த டைரி இது. ‘சிறந்த பராமரிப்புப் பணியாளர் – மங்கையர்க்கரசி’ என்று அட்டையில் பொன்னெழுத்தில் போட்டிருக்கிறார்கள். எழுத ஒன்றுமில்லை என்று பீரோவில் கிடந்தது. இன்றைக்கு எழுத விஷயம் வந்துவிட்டது.

விஷயத்தின் பெயர் பெனிட்டா. இருபத்தாறு வயது, திருநெல்வேலிப் பக்கம், இன்ஜினீயரிங் படிப்பு. எங்கள் மெயின்டனன்ஸில் சேர்ந்திருக்கிறாள். பதினான்கு வருஷமாக, இரும்புத் தகட்டை அழுத்தி வடிவமாக்கும் இந்தப் பிரஸ் ஷாப்பில் மெயின்டனன்ஸ் வேலை பார்க்கும் ஒரே பெண் நான். ‘மேடத்தைக் கூப்பிடு’ என்றால் என்னைத்தான். இனிமேல் ‘எந்த மேடம்?’ என்று கேட்பார்களோ என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனேன். பத்து மணிக்குள் கேட்டுவிட்டார்கள்.

பெண் மரியாதையாகத்தான் இருக்கிறாள். “ஒங்களப் பத்தி நெறய சொன்னாவக்கா” என்றாள். யார், என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை.

கேஸ் சிலிண்டர் பதிவு செய்தேன்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

அமுலு என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, “இன்னாக்கா, புதுப் பொண்ணு நல்லா பேசுதாமே?” என்றுதான்.

அமுலு நான்காம் பிரஸ்ஸின் ஆபரேட்டர். அம்மூரிலிருந்து வருகிறாள். பதினொரு வருஷமாக மத்தியானம் என் எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாள். அவள் வீட்டுக் குழம்பு எனக்கு, என் வீட்டுப் பொரியல் அவளுக்கு. இதுவரை இதில் மூன்றாவது டப்பா கிடையாது.

இன்று பெனிட்டா தன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் மேஜையில் உட்கார்ந்துவிட்டாள். “சாப்பிடுதீங்களாக்கா?” என்று சொதியை நீட்டினாள். அமுலு இரண்டு கரண்டி வாங்கிக்கொண்டாள். எனக்குத் தேங்காய்ப்பால் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவிட்டேன். ஒத்துக்கொள்ளும்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

இந்தப் பெண் மஞ்சள் பெட்டியில் கை வைத்திருக்கிறாள்.

ஒவ்வொரு பிரஸ்ஸின் பக்கத்திலும் பேனலுக்குள் ஒரு மஞ்சள் பெட்டி உண்டு. பாதுகாப்பு கண்ட்ரோலர். பிரஸ்ஸுக்கு முன்னால் லைட் கர்ட்டன் என்று கண்ணுக்குத் தெரியாத ஒளித்தடுப்பு இருக்கிறது. யாராவது கையை உள்ளே விட்டால் அது பெட்டிக்குச் சொல்லும், பெட்டி பிரஸ்ஸை நிறுத்தும். எப்போது நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் பெட்டிக்குள் புரோகிராமாக எழுதியிருக்கும். அந்தப் புரோகிராமில் ஒரு புள்ளி மாறினாலும் அதன் அடையாள எண் மாறிவிடும். அந்த எண்ணைக் கதவில் ஸ்டிக்கராக ஒட்டியிருப்போம்.

நான்காம் பிரஸ்ஸின் ஸ்டிக்கர் எண்ணும் பெட்டியின் எண்ணும் பொருந்தவில்லை என்று பெனிட்டா கண்டுபிடித்துவிட்டாள். வந்து எட்டு நாள்தான் ஆகிறது. எட்டு பேனலையும் திறந்து பார்த்திருக்கிறாள். வேறு வேலை இல்லையா?

“பெட்டில தேதி மே மாசம்னு காட்டுது, மாத்தினது யாருக்கா?” என்று கேட்டாள்.

நான்தான். ஏப்ரல் கடைசியில் லைட் கர்ட்டன் காரணமே இல்லாமல் துடித்துத் துடித்து, ஒரு ஷிப்டுக்கு நாற்பது தடவை பிரஸ்ஸை நிறுத்தியது. மேனேஜர் சபேசன் சார் என் உயிரை எடுத்தார். பிரஸ் இறங்க ஆரம்பித்த முதல் அரை நொடி மட்டும் கர்ட்டன் சொல்வதைக் கண்டுகொள்ளாதே என்று எழுதினேன். இரண்டு நாளைக்கு என்றுதான் எழுதினேன். பிரஸ் நிற்காமல் ஓடியது. சபேசன் சார் கை கொடுத்தார். அந்த மாதமே இந்த டைரியும் கிடைத்தது. அதற்குப் பிறகு போய் எதை மாற்றுவது?

அமுலுவிடம் மட்டும் அப்போதே சொல்லிவிட்டேன், கையை உள்ளே விடாதே, தகட்டை இடுக்கியால் வை, இடுக்கியால் எடு என்று. ஏன் என்று அவள் கேட்கவில்லை. நான் சொன்னால் செய்வாள்.

“தெரியலையே, பாக்கணும்” என்று பெனிட்டாவிடம் சொன்னேன்.

செப்டம்பர் 2, திங்கள்

கர்ட்டன் துடித்ததற்குக் காரணம் கண்டுபிடித்துவிட்டாள். அதைத் தாங்கும் பிராக்கெட்டில் ஒரு போல்ட் லூஸ். பிரஸ் அதிரும்போது அதுவும் சேர்ந்து அதிர்ந்திருக்கிறது. ரப்பர் வாஷர் போட்டு இறுக்கினாள். அவ்வளவுதான்.

நானும் அந்த போல்ட்டைத்தான் சந்தேகப்பட்டேன். நேரம் கிடைக்கவில்லை.

பெரிய மகளுக்கு யூனிஃபார்ம் தைக்கக் கொடுத்திருக்கிறது, வாங்க வேண்டும்.

செப்டம்பர் 6, வெள்ளி

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மத்தியானம் அமுலு ஏரி மீன் குழம்பு கொண்டுவந்தாள். தலைத் துண்டு எப்போதும் எனக்கு. டப்பாவைத் திறந்தாள், தலையை எடுத்தாள், பெனிட்டாவின் சோற்றில் வைத்தாள். “ஊருக்குப் போறா பாவம், துண்ணுட்டு போவட்டும்” என்றாள். எனக்கு வால் துண்டு வந்தது. ஒரு மீன் தலைக்கு வயிறு எரியுமா என்றால், எரிந்தது. என் டைரியில் எனக்கென்ன வெட்கம்.

சாயங்காலம் மூன்று மணிக்கு பெனிட்டா நான்காம் பிரஸ்ஸில் புதுப் புரோகிராமை ஏற்றினாள். என் அரை நொடியை எடுத்துவிட்டாள், புது எண்ணைக் கதவில் ஒட்டினாள். சோதனைக் கோலை உள்ளே நீட்டிக் காட்டினாள், இறங்க ஆரம்பித்த பிரஸ் அந்த இடத்திலேயே நின்றது. பத்துத் தடவை நீட்டினாள், பத்துத் தடவையும் நின்றது. அமுலு கை தட்டினாள்.

மிச்சம் ஒரே வேலை. ஏற்றிய புரோகிராம் பெட்டியின் நினைவில்தான் இருக்கும். அதை நகம் அளவு மெமரி கார்டு ஒன்றிலும் பதிய வேண்டும். கரண்ட் அறவே போய்த் திரும்பி வந்தால் பெட்டி அந்தக் கார்டில் உள்ளதைத்தான் எடுத்துக்கொள்ளும். புரோகிராம் எழுதியவர் கார்டில் பதியக் கூடாது, இன்னொருவர் பதிந்து எண்ணைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இது எங்கள் சட்டம். கார்டு சாவி என்னிடம்.

“ரயிலுக்கு நேரமாச்சுக்கா. நீங்க கார்டுல ஏத்தி, பாத்து, கையெழுத்துப் போட்டுருதீங்களா? நா போட்டத நானே ஏத்தக் கூடாதுல்லா?”

“நீ போம்மா, நா பாத்துக்கிறேன்.”

போனாள். ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டேன். கார்டில் பதிய இரண்டு நிமிஷம் ஆகும். சங்கு ஊதிவிட்டது. பஸ்ஸுக்கு ஓடினேன். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

பஸ் எதற்கு, கேட்டைத் தாண்டும்போதே ஞாபகம் வந்தது. திங்கட்கிழமை செய்துகொள்ளலாம்.

செப்டம்பர் 9, திங்கள்

பெனிட்டா ஊரிலிருந்து வாளி நிறைய முந்திரிக் கொத்து கொண்டுவந்திருக்கிறாள். எல்லோரும் அவளைச் சுற்றி நின்றார்கள். எனக்கென்று தனியாக ஒரு பொட்டலம் கட்டி வைத்திருந்தாள். அதுவும் பிடிக்கவில்லை.

வேலை நெருக்கடி. கார்டைப் பார்க்க நேரமில்லை.

செப்டம்பர் 11, புதன்

மாவு அரைத்தேன். கார்டு நாளைக்கு.

செப்டம்பர் 18, புதன்

மாதக் கூட்டம். சபேசன் சார் திரையில் நான்காம் பிரஸ்ஸின் கணக்கைப் போட்டார். பன்னிரண்டு நாளாக ஒரு தடவைகூடக் காரணமில்லாமல் நிற்கவில்லை.

“இதுதான் வேலை. இதுக்கு முன்னாடி இருந்தது ஒட்டுப்போட்ட வேலை” என்றார். மே மாதம் கை கொடுத்தாரே, அதே கையை நீட்டி பெனிட்டாவுக்குக் கொடுத்தார். யார் போட்ட ஒட்டு என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். பெனிட்டாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும், அவள் தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்ததுதான் எனக்கு ஆறவில்லை. என்மேல் இரக்கப்பட இவள் யார்?

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே யோசனை. கார்டில் இன்னும் இருப்பது என்னுடைய புரோகிராம். என்றைக்காவது கரண்ட் அறவே போனால் இவள் எழுதியது காணாமல் போகும். சபேசன் சார் வந்து எண்ணைப் பார்ப்பார். உங்கள் கெட்டிக்காரப் பெண் எழுதியது எங்கே என்று அப்போது கேட்கலாம். சும்மா ஒரு நினைப்புத்தான். பெட்டிக்கு யூபிஎஸ் இருக்கிறது. கரண்ட் கட் ஆனாலும் பெட்டி அணையாது. ஆகையால் இதில் யாருக்கும் ஆபத்தில்லை.

செப்டம்பர் 30, திங்கள்

இன்று அமுலு வெறும் கையால் தகடு வைப்பதைப் பார்த்தேன்.

“இடுக்கி எங்க?”

“அது இன்னாத்துக்குக்கா இனிமே? பெனிட்டா சொல்லிச்சு, கைய உள்ள வுட்டா டக்குனு நிக்கும், பயப்படாதீங்கன்னு. நானும் வுட்டுப் பாத்தேன். நின்னுச்சு. இடுக்கில எடுத்தா எண்ணூறு பீஸு, கைல எடுத்தா ஆயிரம்.”

“இருந்தாலும் இடுக்கி வச்சுக்கோ அமுலு.”

“ஏங்க்கா?”

அவள் என்னிடம் ஏன் என்று கேட்டதே இல்லை. அந்தப் பெண் வந்த பிறகுதான் இதெல்லாம். “சும்மா சொன்னேன்” என்று வந்துவிட்டேன்.

அக்டோபர் 4, வெள்ளி

தண்ணி லாரி வரவில்லை. பெரியவளுக்குக் காய்ச்சல். லீவு.

அக்டோபர் 9, புதன்

நாளை ஷாப்பில் ஆயுத பூஜை. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் லீவு. வருஷத்தில் இந்த ஒரு தடவைதான் மெயின் சுவிட்சை இறக்குவார்கள், யூபிஎஸ்ஸையும் அணைத்துத் துடைப்பார்கள். அறவே கரண்ட் இல்லாமல் எல்லாப் பெட்டியும் அணைந்து, திங்கட்கிழமை காலையில் எழும்.

நான் இதை மறக்கவில்லை. நாளைக் காலையில் போனதும் முதல் வேலையாகக் கார்டில் பதிந்துவிடுவேன். இரண்டு நிமிஷம்.

பூஜைக்கு ஊதா நிறப் பட்டு எடுத்து வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 10, வியாழன்

காலையில் போனதும் பூசணிக்காய் எங்கே, வாழைக்கன்று எங்கே என்று ஆரம்பித்துவிட்டார்கள். பதினொரு மணிக்குச் சாவியோடு நான்காம் பிரஸ்ஸுக்குப் போனேன். பேனலுக்கு முன்னால் அமுலுவும் பெனிட்டாவும் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கோலத்தை மிதிக்காமல் கதவைத் திறக்க முடியாது. அமுலு அவள் கையைப் பிடித்துக் கம்பி இழுக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஒரே சிரிப்பு. சட்டையெல்லாம் மாவு. யாரோ போட்டோ எடுத்தார்கள். என்னைக் கூப்பிடவில்லை.

சரி, காயட்டும் என்று திரும்பிவிட்டேன்.

பூஜை மூன்று மணிக்கு. மெயினை இறக்குவது ஒன்பது வருஷமாக நான்தான். எல்லோரும் கூடி நிற்க, சந்தனம் வைத்து, கைப்பிடியைக் கீழே இழுப்பேன். ஷாப் முழுக்கச் சத்தம் அடங்கும். அந்த நிமிஷம் எனக்குப் பிடிக்கும், சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முன்னால் சபேசன் சாரிடம் “சார், ஒரு நிமிஷம், நாலாவது பிரஸ்ல ஒரு வேலை பாக்கி” என்று சொல்ல நினைத்துத்தான் பக்கத்தில் போனேன். வாயைத் திறந்தேன். அவர் என்னைத் தாண்டிப் பார்த்து, “பெனிட்டா! வாம்மா, இந்த வருஷம் புதுப் பொண்ணு கையால எறக்கட்டும்” என்றார்.

எல்லோரும் கை தட்டினார்கள். அமுலுதான் முதலில்.

அவள் தயங்கினாள். “அக்காதானே எறக்குவாவ” என்றாள். “மங்கைக்கென்ன, பாத்து சலிச்சுப் போச்சு” என்றார் சபேசன் சார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கைப்பிடியில் கை வைத்தபடி பெனிட்டா என்னைப் பார்த்துக் கேட்டாள், “எல்லாம் கார்டுல ஏறியிருக்குல்லாக்கா? எறக்கட்டுமா?”

தலையை ஆட்டினேன்.

அக்டோபர் 11, வெள்ளி

வீட்டில் பூஜை. சுண்டல், பொரி, அவல். வீட்டுக்காரர் ஸ்கூட்டரைக் கழுவினார். புத்தகம் எதையும் இன்றைக்குத் தொடக் கூடாதாம். டைரி புத்தகத்தில் சேராது.

என் புரோகிராமோடு மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்று நான்கு மாதம் ஓடியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அப்போது இடுக்கி இருந்தது.

அக்டோபர் 12, சனி

அமுலு போன் செய்தாள். நல்ல நாள் வாழ்த்து. எடுக்கும்போதே முடிவு செய்துவிட்டேன், திங்கட்கிழமை நான் வந்து சொல்லும்வரை பிரஸ்ஸைத் தொடாதே என்று சொல்லிவிட வேண்டும். அவளிடம் இவ்வளவு சொன்னால் போதும்.

“அக்கா, இன்னா விசேஷம் தெரியுமா? பெனிட்டா எங்க வூட்டுக்கு வந்துகீது. லீவுக்கு ஊருக்குப் போல, ரூம்ல தனியா கெடக்கறேன்னுச்சு, வாடின்னு கூட்டியாந்துட்டேன். பசங்களோட ஒரே ஆட்டம்.”

பதினொரு வருஷத்தில் என்னை ஒரு தடவை கூப்பிட்டிருக்கிறாள், அவள் பெண்ணுக்குக் காது குத்தும்போது. அதற்கும் எல்லோரையும் கூப்பிட்டிருந்தாள்.

பின்னால் பெனிட்டா, “அக்காட்ட நானும் பேசுதேன், குடுங்க” என்று சொல்வது கேட்டது.

அடுப்பில் பால் பொங்குகிறது என்று வைத்துவிட்டேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

நாளை ஆறு மணிக்கு முதல் ஷிப்ட். மெயின் ஏற்றியதும் ஒவ்வொரு பெட்டியின் எண்ணையும் ஸ்டிக்கரோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் பிரஸ்ஸை ஓட்ட வேண்டும். ஒன்று முதல் நான்கு வரை நான் பார்க்க வேண்டும், ஐந்து முதல் எட்டு வரை பெனிட்டா. ஆக நான்காவது என் கையில்தான் இருக்கிறது. நாலே முக்கால் பஸ்ஸைப் பிடித்தால் ஐந்தேகாலுக்கு உள்ளே இருப்பேன். லேப்டாப்பிலிருந்து புதுப் புரோகிராமை ஏற்றி, கார்டிலும் பதிந்துவிட்டால் முடிந்தது. யாருக்கும் தெரியப் போவதில்லை.

மனசு லேசாக இருக்கிறது.

அக்டோபர் 14, திங்கள்

நாலு மணிக்கே எழுந்தேன். பால் வரவில்லை. வீட்டுக்காரருக்கு டீ இல்லாமல் ஆகாது, கடை திறக்கும்வரை காத்திருந்தேன். பெரியவளுக்குத் தலை பின்னினேன். அவள் பள்ளிக்கூடம் ஒன்பது மணிக்குத்தான். நாலே முக்கால் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் லீவு முடிந்த கூட்டத்தில் நிற்காமலே போனது.

கேட்டுக்குள் நுழையும்போது ஆறு இருபத்தைந்து. பிரஸ்ஸின் சத்தம் வாசல்வரை கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று நிற்கின்றன. நான்கு ஓடுகிறது. அவசர ஆர்டராம். “மங்கை வந்து பாத்துக்கும், நீ ஆரம்பி” என்று சபேசன் சார் அமுலுவிடம் சொல்லியிருக்கிறார்.

அமுலு தகடு வைக்கிறாள், கையை எடுக்கிறாள், பெடலை மிதிக்கிறாள். வெறும் கை. வைக்கிறாள், எடுக்கிறாள், மிதிக்கிறாள். கையை எடுப்பதும் மிதிப்பதும் கிட்டத்தட்ட ஒரே சமயம். ஆயிரம் பீஸ் வேகம்.

ஓடினேன். செருப்பு ஒன்று கழன்று போனது. சிவப்புப் பட்டனை உள்ளங்கையால் அறைந்தேன். பிரஸ் பாதியில் நின்றது.

“இன்னாக்கா, இன்னா ஆச்சு?” அமுலு பயந்துபோய் என்னைப் பார்த்தாள். பத்து விரலும் இருந்தன. எண்ணிப் பார்த்தேன்.

எல்லோரும் கூடிவிட்டார்கள். பெனிட்டா ஏழாவது பிரஸ்ஸிலிருந்து ஓடிவந்து பெட்டியின் எண்ணைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது. சோதனைக் கோலை உள்ளே நீட்டினாள், பெடலை மிதித்தாள். பிரஸ் இறங்கியது. நிற்கவில்லை. அரை நொடி கழித்து நின்றபோது கோலின் நுனி பிரஸ்ஸின் அச்சில் நசுங்கிக் கிடந்தது. அமுலு வாயைப் பொத்திக்கொண்டாள்.

“பழைய புரோகிராம் வந்திருக்கு” என்றாள் பெனிட்டா. “என் தப்பு சார். ஊருக்குப் போற அவசரத்துல கடேசி வர கூட நின்னு பாக்காமப் போயிட்டேன்.”

சபேசன் சார் கத்தினார். ஷாப் முழுக்கக் கேட்கக் கத்தினார். எண்ணைப் பார்க்கும்முன் பிரஸ்ஸை ஓடவிட்டது அவர் என்பதால் இன்னும் அதிகமாகக் கத்தினார். பிறகு என் பக்கம் திரும்பி, “பாரு, இதுக்குத்தான் அனுபவம் வேணுங்கறது. பதினாலு வருஷம்! சத்தத்த வச்சே கண்டுபிடிச்சிருச்சு” என்றார்.

கை தட்டினார்கள். அமுலு என்னைக் கட்டிக்கொண்டு, “என் கையக் காப்பாத்தனீங்கக்கா, எம் புள்ளைங்களக் காப்பாத்தனீங்க” என்று அழுதாள்.

இரண்டு மாதமாக என்ன வேண்டும் என்று ஏங்கினேனோ அத்தனையும் காலை ஏழு மணிக்குள் கிடைத்துவிட்டது. நான் ஒரு வார்த்தையும் பொய் சொல்லவில்லை. ஒரு வார்த்தையும் பேசவே இல்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

அமுலு மீன் குழம்பு கொண்டுவந்தாள். தலைத் துண்டு எனக்கு. எங்கள் மேஜையில் இரண்டு பேர்தான். பெனிட்டா ஷெட்டுக்கு வெளியே தனியாகச் சாப்பிட்டாள்.

“அதுங்கூட நா பேசல” என்றாள் அமுலு. “இடுக்கி வேணாம்னு சொன்னதே அதுதானே.”

மீனைப் பாதியில் ஒதுக்கிவிட்டேன். முள் என்று சொன்னேன்.

சாயங்காலம் பெனிட்டா தனியாக வந்தாள். “அக்கா, ரிஜிஸ்டர்ல ஒங்க கையெழுத்து இருக்கு. சார்ட்ட நா காட்டல. நீங்க ஏத்துனீங்கல்லா?”

“ஏத்தினேன்.”

“அப்ப கார்டுதான் பழுது.” அவளுக்கு எவ்வளவு நிம்மதி! என்னை நம்ப ஒரு காரணம் கிடைத்ததில் முகமே தெளிந்துவிட்டது. “நாளன்னைக்குக் கார்ட டெஸ்டுக்கு அனுப்புதேன். ஒங்க பேருல ஒண்ணும் வராதுக்கா, நா பாத்துக்கிடுதேன்.”

அக்டோபர் 16, புதன்

சபேசன் சார் அறைக்குக் கூப்பிட்டார். பெனிட்டாவை வேலையில் நிரந்தரம் செய்யப் போவதில்லை, மாதக் கடைசியோடு சரி. அறிக்கை வேண்டுமாம். “நீயே எழுதும்மா, நீதானே கண்டுபிடிச்ச” என்றார்.

வீட்டுக்கு வந்து எழுதினேன். மே மாதம் அரை நொடி போட்டது நான். செப்டம்பர் 6 அன்று கார்டில் பதியாமல் கையெழுத்துப் போட்டது நான். அக்டோபர் 10 அன்று பதிந்தாயிற்று என்று தலையாட்டியது நான். பெனிட்டா விதிப்படிதான் நடந்தாள். ஒன்றரைப் பக்கம் வந்தது.

கார்டை டெஸ்ட் செய்தால் அதில் கடைசியாக எழுதிய தேதி மே 17 என்று காட்டும். நான் எழுதியதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மனசாட்சிக்காகத்தான் எழுதினேன். பெரும்பாலும் அதற்காகத்தான்.

அக்டோபர் 17, வியாழன்

அறிக்கை கொடுத்தேன். சபேசன் சார் இரண்டு தடவை படித்தார். கார்டு சாவியை வாங்கி டிராயரில் போட்டார். நாளையிலிருந்து என்னை ஸ்டோருக்கு மாற்றுகிறார்கள், விசாரணை முடியும்வரை. பெனிட்டா அழுதாள். எனக்காக அழுதாளா என்று தெரியவில்லை. எனக்காக என்றுதான் நினைக்கிறேன், அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

அக்டோபர் 18, வெள்ளி

மத்தியானம் அமுலு வந்தாள். டப்பா கொண்டுவரவில்லை. எதிரில் உட்கார்ந்தாள். நசுங்கிய கோலை அவளும் பார்த்தவள். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“கேட்டது நெஜமாக்கா?”

“நெஜந்தான்.”

“அன்னிக்கு எறக்கும்போதே தெரியுமா, திங்கக்கெழம மெஷின் நிக்காதுன்னு?”

“தெரியும்.”

“நா வெறுங்கைல வக்கறது?”

“தெரியும்.”

பக்கத்து மேஜையில் சாப்பிடுகிறவர்கள் சாப்பாட்டை நிறுத்திவிட்டார்கள்.

“சனிக்கெழம நானே போன் பண்ணேனேக்கா. அப்பயாச்சும் சொல்லி இருக்கலாமில்ல? பால் பொங்குதுன்னு வச்சிட்டீங்க.”

மறந்துவிட்டேன் என்று சொல்ல வாய் வந்தது. இந்த டைரியில் எத்தனை இடத்தில் இப்படிச் சாக்கு எழுதியிருக்கிறேன்.

“பெனிட்டாவ உன் வூட்டுக்குக் கூப்பிட்டிருந்த. அந்த ஆத்திரம்” என்றேன்.

அமுலு என்னை வெகுநேரம் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை, புரியாமல்தான் பார்த்தாள்.

“அதுக்காக்கா?” என்று கேட்டாள்.

“ஆமாம்” என்றேன்.